கூர்ப்புப் படிமுறை – சொல் விளக்கம்

கணினியைக் கொண்டு ஆன்டெனா வடிவமைப்பது பற்றித் தமிழில் பேசுகிறவர்கள் எவல்யூஷனரி அல்காரிதத்தை, அதாவது உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைப் போல வடிவங்களைத் தேர்ந்து மாற்றும் கணினி முறையை, 'பரிமாண வளர்ச்சி நெறிமுறை' என்கிறார்கள். மூன்று சொல்லும் தவறு.

எவல்யூஷனின் லத்தீன் வேருக்குச் சுருளை விரித்தல் என்று பொருள். அல்காரிதம், 9ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயர் திரிந்து வந்தது.

பரிமாணம் என்றால் அளவு. சொல்ல வந்தது பரிணாமம், அதாவது மாற்றம். நெறிமுறை ஒழுக்கத்துக்கு உரிய சொல். கணக்கைப் படிப்படியாகத் தீர்ப்பதற்குப் 'படிமுறை' இருக்கிறது.

சரி, பெரிய கேடு 'வளர்ச்சி'தான். 'பரிணாம வளர்ச்சி' என்று பிழையில்லாமல் எழுதுகிறவர்கள்கூட அதை விடுவதில்லை. கன்று மரமாவது வளர்ச்சி. இங்கே எது வளர்கிறது? போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் வானொலித் தொலைநோக்கிக்காக 1990களில் டெரெக் லிண்டனும் எட்வர்ட் ஆல்ட்ஷுலரும் ஒரு யாகி ஆன்டெனாவை இந்த முறையில் வடிவமைத்தார்கள். மிகத் தொலைவில் உள்ள ஹைட்ரஜனின் 1420 மெகாஹெர்ட்ஸ் அலை, அண்டம் விரிவதால் நீண்டு, அதிர்வெண் குறைந்து 237 மெகாஹெர்ட்ஸ் அளவில் வந்து சேரும். அதைத் தேடத்தான் இந்த ஆன்டெனா. பக்கவாட்டிலும் பின்னாலும் இருந்து இரைச்சல் நுழையக் கூடாது. யாகி என்பது ஒரு தண்டில் வரிசையாகப் பொருத்திய உலோகக் கம்பிகள்தான், செலவு குறைவு. எந்தக் கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்பதுதான் சிக்கல். கணினி அந்த எண்களைக் கண்டபடி போட்டு ஒரு கூட்டம் வடிவங்களை உண்டாக்கும். ஒவ்வொன்றும் அலையை எப்படி வாங்கும் என்று கணக்கிட்டு மதிப்பெண் போடும். மோசமானவை கழியும். தேறியவற்றின் எண்களைக் கலந்து, சிலவற்றைச் சற்றே மாற்றினால் அடுத்த தலைமுறை. நடப்பதெல்லாம் கழிப்பும் தேர்வும். 'வளர்ச்சி' என்று கேட்டவர் கம்பி நீண்டுகொண்டே போகிறது என்றல்லவா நினைப்பார்?

இலங்கைப் பாடநூல்கள் எவல்யூஷனைக் 'கூர்ப்பு' என்கின்றன. 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்பது தொல்காப்பிய உரியியல். இருப்பது மிகுந்து சிறப்பதே கூர்ப்பு. இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. 'பழைய சொல், யாருக்கும் புரியாது' என்பார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிப் பிள்ளைக்குப் புரிவது மதுரைப் பிள்ளைக்குப் புரியாதா?

அப்புறம், எவல்யூஷனரி அல்காரிதத்தின் ஒரு வகையான ஜெனடிக் அல்காரிதத்தை 'மரபணு நெறிமுறை' ஆக்கிவிட்டார்கள். அதைப் படிக்கிறவர் மரபணுத் திருத்தத்தின் அறம் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொள்வார். மொழிபெயர்ப்பவர்கள் 'மரபியல் படிமுறை' என்று எழுதட்டும்.