பச்சைக் கட்டத்துக்கு உங்கள் பல் செட் தெரியாது

"மூச்சுக்குழாயில் டியூப் போடுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறதாமே, டாக்டர்? பிறகு எதற்கு இத்தனை கேள்வி?"

இந்த மாதத்தில் இப்படிக் கேட்ட மூன்றாவது நபர் அவர். கேட்டதோடு நில்லாமல், கழற்றி மாட்டும் இரண்டு பற்களை வாயிலேயே வைத்துக்கொண்டு அறுவை அரங்குக்கு வந்துவிட்டார். மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள்ளே பார்க்க உதவும் கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப்பை நுழைத்தால், பல் பதித்த தகடு நாக்கின் மேல் நழுவிக் கிடக்கிறது. திரையில் குரல்நாண்களைச் சுற்றி, செயற்கை நுண்ணறிவு வரைந்த பச்சைக் கட்டம் நிம்மதியாக ஒளிர்கிறது. தகட்டைத் தேட அதற்கு யாரும் பழக்கவில்லை. இடுக்கியைக் கேட்டு வாங்கி நான்தான் எடுத்தேன்.

செயற்கை நுண்ணறிவு டியூப் போடுவதில்லை. கேமரா அனுப்பும் படத்தில் இது குரல்வளை மூடி, இவை குரல்நாண்கள், நடுவே தெரியும் இருட்டுதான் வாசல் என்று அடையாளம் காட்டும். அவ்வளவுதான். வாசல் வரை கொண்டுபோய் உள்ளே செலுத்துவது கை. வாசல் முழுதாகத் தெரிந்தும் டியூப் திரும்ப மறுத்து முட்டி நிற்பதைப் பார்க்காத மயக்க மருந்து நிபுணர் இருக்க மாட்டார். லென்ஸில் கொஞ்சம் ரத்தமோ சளியோ ஒட்டினால் கட்டமும் காணாமல் போகும்.

முகத்தைப் படமெடுத்து, டியூப் போடுவது கடினமாக இருக்குமா என்று கணிக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும், 1985இல் வந்த மல்லம்பட்டி மதிப்பீட்டைப் போல அதுவும் கணிப்பே. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

(இளம் மருத்துவர்களுக்கு: டியூப் வாய்க்குள் நுழையும்போது கண் வாயில் இருக்கட்டும். கேமராவுக்கு எட்டாத இடத்தில்தான் அண்ணம் கிழிகிறது. போட்ட பிறகு, வெளிவிடும் மூச்சை அளக்கும் கேப்னோகிராஃபில் கரியமில வாயுவின் அலை தொடர்ந்து வராவிட்டால், டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது என்றே கருதிச் செயல்படுங்கள். கட்டம் பச்சையாக இருந்ததே என்று என்னிடம் வராதீர்கள்.)

ஆடும் பல் இருந்தால் சொல்லுங்கள். குறட்டையையும் தூக்கத்தில் மூச்சு நின்று போவதையும் மறைக்காதீர்கள். வேறுவிதமாக அறிவுறுத்தாவிட்டால், கடைசி எளிய உணவுக்குப் பின் 6 மணி நேரம், தண்ணீருக்குப் பின் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். 'ஒரு வாய்தான் சாப்பிட்டேன்' என்பதும் சாப்பாடுதான். முன்பு டியூப் போடச் சிரமப்பட்டதாக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தச் சீட்டை முதல் நாளே காட்டுங்கள்.

பல் செட்டைக் கழற்றக் கூச்சமாக இருந்தால் மெதுவாகச் சொல்லுங்கள், போதும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, மூடி போட்ட டப்பாவை நர்ஸ் கொண்டுவந்து தருவார்.