குருவி கத்தியும் கதவு திறக்கவில்லை

பெரியம்மாவுக்கு வயது 78. திருச்சியில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். போன தீபாவளிக்கு முன்பு ஒருநாள் அவர் வீட்டு வாசலில் நின்று காலிங் பெல்லை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே பெல்லின் குருவி கீச்கீச்சென்று கத்துவது எனக்கே கேட்டது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழ்வீட்டு நாய் குரைத்தது. பெரியம்மா மட்டும் வரவில்லை. பொறுமை போய் உள்ளங்கையால் கதவை நாலு தட்டு தட்டினேன். உடனே உள்ளிருந்து குரல்: "யாரது? பெல் இருக்குல்ல, எதுக்குடா கதவை உடைக்கிறே?"

நான் செய்ததை யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். கடைக்குப் போய், இருப்பதிலேயே சத்தமான பெல்லைக் கேட்டு வாங்கினேன். பெட்டியில் 110 டெசிபெல் என்று போட்டிருந்தது. மாட்டி அழுத்தினால் எனக்குக் காது கூசியது. சமையலறையில் இருந்த பெரியம்மாவுக்கு அப்போதும் கேட்கவில்லை. ஹாலுக்கு வந்து பெல்லுக்குக் கீழே உட்கார்ந்தபோது கேட்டது. ஆனால் "அய்யோ, நிறுத்து" என்று காதைப் பொத்திக்கொண்டார். தூரத்தில் கேட்கவே இல்லை, பக்கத்தில் பொறுக்க முடியவில்லை. அதே காது, அதே பெல்.

இது ஏன் என்று புரிந்துகொள்ளக் காதுக்குள் போக வேண்டும். உட்செவியில் பட்டாணி அளவில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. காக்ளியா என்பார்கள். சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். ஒலி இதனுள் ஓர் அலையாக ஓடுகிறது. கீச்சென்ற ஒலியின் அலை வாசலிலேயே உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும். தாழ்ந்த ஒலியின் அலை சுருளின் கடைக்கோடி வரை போகும். இப்படி ஒவ்வொரு சுருதிக்கும் குழாயில் ஓர் இடம் உண்டு. இதைக் கண்டறிந்த கியார்க் ஃபான் பெகெஷிக்கு 1961இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்த அலையை உணர்பவை மயிரிழைச் செல்கள். ஒரு காதில் இவை பதினைந்தாயிரம் சொச்சம்தான். அதில் சுமார் 3,500 செல்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மற்ற 12,000 செல்கள் ஆம்ப்ளிஃபையர் போல மெல்லிய ஒலியைப் பெரிதாக்கிக் கொடுக்கின்றன. வயதாக ஆக முதலில் பழுதாவது வாசல் பக்கம். அதாவது, கீச்சொலிக்கான இடம். ஆகவே வயதானவர்களின் காது ரேடியோவில் வால்யூமைக் குறைத்தது போல மொத்தமாக மங்குவதில்லை. மேல் சுருதிகள் முதலில் போகின்றன, கீழ் சுருதிகள் ஓரளவு நிற்கின்றன. "காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முணுமுணுன்னு பேசறீங்க" என்று பெரியவர்கள் சொல்வது வீம்பு இல்லை. பேச்சில் ஆ, ஓ, ஊ போன்ற உயிரொலிகளின் பலம் கீழ் சுருதிகளில் இருக்கிறது. ச, ஸ, ஷ போன்றவை மேலே இருக்கின்றன. பேசுவது கேட்கும், என்ன பேசினார்கள் என்பதுதான் புரியாது.

மனிதருக்கு இந்தச் செல்கள் ஒருமுறை போனால் போனதுதான். பறவைகளுக்கோ திரும்ப முளைக்கின்றன. பெரியம்மா வீட்டு பெல்லில் கத்துவதும் குருவிதான்!

இப்போது பெல் பக்கம் வருவோம். பேட்டரியில் ஓடும் சின்ன பெல்கள், பஸ்ஸர்கள், குருவிச் சத்தம் போடுபவை எல்லாம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் கத்தும். ஹெர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு, கூடினால் சுருதி மேலே போகும். காரணம் சிக்கனம். ரூபாய் நாணயம் அளவுத் தகடோ ஸ்பீக்கரோ தாழ்ந்த ஒலியைப் பலமாக எழுப்ப முடியாது. அவ்வளவு காற்றைத் தள்ள அதற்கு இடமில்லை. போதாக்குறைக்கு, நம் காதுத் துளை இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழல். புல்லாங்குழல் போல அதற்கும் ஒரு சொந்தச் சுருதி உண்டு, சுமார் 3,000 ஹெர்ட்ஸ். அந்த அளவில் வரும் ஒலியை அது இலவசமாகவே பெருக்கிக் கொடுக்கும். குறைந்த மின்சாரத்தில் அதிக அலறல். நல்ல காதுக்கு இது அருமையான பொறியியல். 70 வயதுக் காதுக்கோ, அணைந்துபோன விளக்குக்கு நேராகப் பொருத்திய சுவிட்ச்.

அப்புறம் அந்த 110 டெசிபெல். இந்த அளவின் பெயர் தொலைபேசிக்காரர் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக வைத்தது. காலிங் பெல்லுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காது கேளாமைக்கும் அவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவருடைய அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, மனைவிக்கு அறவே கேட்காது. சிறுவயதில் பெல், அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுவாராம். அம்மாவுக்குப் புரியுமாம். தாழ்ந்த சுருதி, கிட்டத்தில். பெல் வாங்கப் போகிறவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டெசிபெல் என்பது கூட்டல் வேடத்தில் வரும் பெருக்கல். 10 டெசிபெல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குத் தோன்றுவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் போய்விடும். இதனால், எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள் என்று சொல்லாத டெசிபெல்லுக்கு அர்த்தமே இல்லை. நான் வாங்கிய பெட்டியில் அது இல்லை. 10 சென்டிமீட்டரில் வைத்து அளந்திருந்தால், ஒரு மீட்டரில் அது 90 ஆகிவிடும். எட்டு மீட்டர் தள்ளிச் சமையலறையில் 72. நடுவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் இன்னொரு 20 போகும். மிச்சம் 52. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி கொஞ்சம் ஈடு செய்யும், ஆகவே இது தோராயக் கணக்குதான். ஆனால் 110 எங்கே, 52 எங்கே!

பெரியம்மா வயதில் பலருக்கு 3,000 ஹெர்ட்ஸில் 60 டெசிபெல் வரை கேட்கும் திறன் இழப்பு இருக்கும், அதாவது ஏறக்குறைய அதற்குக் கீழே வரும் ஒலி கேட்காது. அதே ஆளுக்கு 500 ஹெர்ட்ஸில் இழப்பு 30 அளவில்தான் இருக்கக்கூடும். 52 டெசிபெல்லில் வந்து சேரும் கீச்சொலி அவருக்கு இல்லாத ஒலி. அதே 52இல் வரும் தாழ்ந்த ஒலி தாராளமாகக் கேட்கும். கதவும் சுவரும்கூட இதில் ஓரவஞ்சனை செய்கின்றன. கீச்சொலியை அதிகம் தடுக்கும், தாழ்ந்த ஒலியை ஓரளவு விடும். 500 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 70 சென்டிமீட்டர், 3,000 ஹெர்ட்ஸ் அலை 11 சென்டிமீட்டர். நீள அலை மூலை முடுக்குகளில் வளைந்து போகும், குட்டை அலை நேராகப் போய் முட்டி நிற்கும். நான் உள்ளங்கையால் கதவைத் தட்டியது கேட்டதன் ரகசியம் இதுதான். கனமான மரக்கதவின் 'தொம்' தாழ்ந்த ஒலி.

அப்படியென்றால் காதைப் பொத்திக்கொண்டது ஏன்? மெல்லிய ஒலியைப் பெருக்கும் அந்த 12,000 செல்கள் பழுதானால், கேட்கத் தொடங்கும் எல்லை மேலே ஏறிவிடுகிறது. ஆனால் தாங்க முடியாத எல்லை பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்து குறுகிவிடுகிறது. மற்றவர்களுக்கு 100 படி ஏற வேண்டிய மாடி, இவர்களுக்கு 40 படியில் முடிந்துவிடும். "என்ன?" என்று கேட்ட தாத்தா, கொஞ்சம் உரக்கச் சொன்னதும் "ஏன் கத்தறே?" என்று கோபித்துக்கொள்வதும் இதனால்தான். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது இந்த நோய்க்கு மருந்தில்லை.

சுருதிதான் முக்கியம் என்பதற்கு உயிர் காக்கும் சாட்சி ஒன்று இருக்கிறது. அமெரிக்க வீடுகளில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி சுமார் 3,100 ஹெர்ட்ஸில் கத்தும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரதி ப்ரக்கும் இயன் தாமஸும் 2007இல் காது மந்தமானவர்களைத் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். 75 டெசிபெல் வைத்தபோது, வழக்கமான கீச்சொலி எழுப்பியது 56 சதவீதத்தினரை. அதே அளவில் 520 ஹெர்ட்ஸ் சதுர அலை 92 சதவீதத்தினரை எழுப்பிவிட்டது. சதுர அலை என்றால் 520உடன் 1,560, 2,600 என்று அதன் ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்த கரகரப்பான ஒலி. ஒரு சுருதி செத்திருந்தாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவில் ஹோட்டல், விடுதி போன்ற புதிய கட்டடங்களின் படுக்கையறைகளில் தீ எச்சரிக்கை மணிக்கு இந்த 520ஐத்தான் பிறகு விதியாக்கினார்கள்.

காலிங் பெல் விற்பவர்கள் பெரும்பாலும் பெட்டியில் ஹெர்ட்ஸ் போடுவதில்லை. கடையில் நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் முதல் மதிப்பெண் பழைய 'டிங்-டாங்' பெல்லுக்கு. பட்டனை அழுத்தினால் மின்காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுத்து ஒரு தகட்டில் மோதவிடும், அது 'டிங்'. விட்டால் ஸ்பிரிங் தண்டைப் பின்னுக்குத் தள்ளி நீளமான தகட்டில் மோதவிடும், அது 'டாங்'. நிஜ உலோகத் தகடு என்பதால் ஒலி தாழ்ந்தும் தடித்தும் வரும். இதற்கு ஒரே குறை, ஒரு நொடியில் அடங்கிவிடும். பட்டனைப் பிடித்துக்கொண்டே நின்றால் ஒன்றும் நடக்காது. வருகிறவர் நாலைந்து முறை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். பள்ளிக்கூட மணி மாதிரிக் கிண்ணமும் சுத்தியலும் உள்ளது அழுத்தும்வரை அடித்துக்கொண்டே இருக்கும். கிண்ணம் பெரிதாக இருந்தால் தொனி தாழ்ந்திருக்கும். ஆனால் அக்கம்பக்கத்தில் உங்கள் பெயர் கெடும்.

வயர்லெஸ் பெல்லில் ஐம்பது அறுபது ராகம் இருப்பதாகப் பெருமையாகப் போட்டிருப்பார்கள். காயத்ரி மந்திரம் முதல் குழந்தை சிரிப்பு வரை. அதில் தாழ்ந்த மணியோசையைத் தேடி வைக்க வேண்டும். மெல்லிசை வேண்டாம், டிவியில் ஓடும் பாட்டோடு கலந்துவிடும். காது மெஷின் போட்டிருப்பவர்களுக்கு ஒரே சீரான 'பீ' ஒலியும் ஆகாது. மெஷின் தானாக விசிலடிப்பதைத் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு. அது நீண்ட கீச்சொலியைத் தன் விசில் என்று நினைத்து அமுக்கிவிடக்கூடும்.

ஆனால் வயர்லெஸ்ஸின் உண்மையான லாபம் ராகம் இல்லை. ஒரு பட்டனுக்கு இரண்டு மூன்று ரிசீவர் வைக்கலாம் என்பதுதான். எட்டு மீட்டர் தள்ளி இருந்த பெல்லை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் 18 டெசிபெல் மிச்சம், நடுவிலிருந்த கதவும் கணக்கிலிருந்து போய்விடும். சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று ப்ளக் பாயின்ட்டில் செருகிவிட்டால், எதையும் முழுச் சத்தத்தில் வைக்கத் தேவையில்லை. கரண்ட் போனால் செருகிய ரிசீவரும் சும்மா இருக்கும். ஒன்றாவது பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

மிக்சி ஓடும்போது மட்டும் எந்த பெல்லும் பலிக்காது. அதற்கும், காது அறவே கேட்காதவர்களுக்கும் கண்தான் வழி. நம் ஊர் வயர் இழுத்த காலிங் பெல் பெரும்பாலும் நேரடி 230 வோல்ட்டில் ஓடுவதால் இதில் ஒரு சௌகரியம் உண்டு. பெல்லுக்கு இணையாக ஒரு பல்ப் ஹோல்டரை ஹாலிலோ சமையலறையிலோ இழுத்து மாட்டச் சொன்னால் எலக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார். பட்டனை அழுத்தும்வரை பல்ப் எரியும். மலிவு, உறுதி. இதை நீங்களே செய்ய வேண்டாம், அந்த வயரில் ஓடுவது வீட்டு மின்சாரம்.

தூங்குகிறவருக்கு வெளிச்சத்தை மட்டும் நம்ப முடியாது. அதே ஆஸ்திரேலியச் சோதனையில் பளிச்பளிச்சென்று மின்னும் விளக்கு எழுப்பியது 27 சதவீதத்தினரைத்தான். மெத்தைக்கு அடியில் வைக்கும் அதிர்வுத் தட்டு பெரும்பாலானவர்களை எழுப்பிவிட்டது. பழைய செல்போன்களை அதிரவைத்த, எடை ஒருபக்கம் ஒதுங்கிய மோட்டார் மாதிரிதான், கொஞ்சம் பெரிய அளவில்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். செல்போனில் ஒலி எழுப்பும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, 500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக, அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஃபேனும் டிவியும் ஓடும்போதே கேட்கச் சொல்லுங்கள். எங்கே அவர் முகம் மாறாமல் இருக்கிறதோ, அந்தச் சுருதியில் கத்தும் பெல்லை வாங்காதீர்கள். ரொம்பக் கீழேயும் போக வேண்டாம். போன் ஸ்பீக்கர் 500க்குக் கீழே திணறும், ஃபேன் இரைச்சலும் அங்கேதான் குடியிருக்கிறது. காது மருத்துவரிடம் எடுத்த ஆடியோகிராம் (கேட்கும் திறனின் வரைபடம்) இருந்தால் இந்த வேலையே மிச்சம். 250 முதல் 8,000 வரை அதில் கோடு போட்டே இருக்கும்.

பெரியம்மாவுக்கு 500இலும் 1,000இலும் கேட்டது. 2,000இல் தலையைச் சாய்த்தார். 4,000இல், "போட்டுட்டியா?" என்றார்.

இப்போது அங்கே ஒரு டிங்-டாங், சமையலறையில் ஒரு ரிசீவர், ஹாலில் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பல்ப். குருவி பெல்லைக் கழற்றி என் வீட்டில் மாட்டியிருக்கிறேன். எனக்கு இன்னும் கேட்கிறது.