லைட்டர் பொறி விடுகிறது, பர்னர் ஏன் பற்றவில்லை?

ஒரு பர்னர் மட்டும் அடம்பிடித்தால் பலரும் உடனே புது லைட்டர் வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் பக்கத்து பர்னரை அதே லைட்டரால் பற்றவைத்துப் பாருங்கள். அது ஒழுங்காக எரிந்தால் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், லைட்டர் எதிலும் குறையில்லை. கோளாறு அந்த ஒரு பர்னரின் நாபுக்கும் மூடிக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அங்கே நடப்பது இதுதான். ரெகுலேட்டர் வழியாக வரும் கேஸின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 30 மில்லிபார்தான் அதிகம். நாபைத் திருப்பியதும் அது ஜெட் எனும் சின்னப் பித்தளைத் துண்டின் துளையில் சீறி வெளியேறி, அந்த வேகத்திலேயே சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போய், இரண்டும் கலந்து பர்னர் துளைகள் வழியாக மேலே வரும். கலவையில் கேஸ் ஏறக்குறைய 2 முதல் 9 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. ஆகவே பொறி வந்தும் பற்றவில்லை என்றால் கலவையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. பொங்கிய பாலோ கஞ்சியோ காய்ந்து துளையை அடைத்திருக்கும், கழுவிய மூடியில் ஈரம் நிற்கும், அல்லது மூடி சரியாக உட்காராமல் கேஸ் பக்கவாட்டில் கசியும். குழாய்க்குள் பூச்சி கூடு கட்டினால் காற்று குறைந்து, பற்றினாலும் தீ மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும். நாபைத் திருப்பியும் சீறல் சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் ஜெட் அடைப்புதான். அதைத் தடித்த ஊசியால் குத்தவே குத்தாதீர்கள்: துளையின் விட்டம் 10 சதவீதம் பெருத்தால் கேஸ் சுமார் 21 சதவீதம் கூடுதலாக வரும், அப்புறம் கலவை கெட்டுவிடும். ஜெட்டை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

தொடர்ந்து முயன்றும் பற்றாவிட்டால் நாபை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்து காத்திருங்கள், இதில் அவசரமே கூடாது. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையில் தங்கும். நாற்றம் தூக்கலாக இருந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906க்கு அழையுங்கள்.

ஆட்டோ இக்னிஷன் அடுப்பில் தீக்குச்சியால் பற்றி, பொறியால் மட்டும் பற்றவில்லையா? அப்படியானால் கேஸில் குறையில்லை. பொறி ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்டவே ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும். பொறி முள்ளைச் சுற்றிய வெள்ளைப் பீங்கானில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மின்சாரம் அதன் வழியே நழுவிவிடும். துடைத்து உலர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும், பேட்டரியில் ஓடுவதென்றால் அதையும் மாற்றிப் பாருங்கள். பற்றியபின் நாபை விட்டதும் அணைந்தால் அது வேறு கதை. தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு வசதி உள்ள அடுப்புகளில் தெர்மோகப்பிள் என்ற கம்பி தீயில் சூடாகி, சில பத்து மில்லிவோல்ட் கொடுத்து வால்வைத் திறந்து வைத்திருக்கும். நாபைச் சில நொடிகள் கூடுதலாக அழுத்திப் பிடியுங்கள், அந்தக் கம்பியின் நுனியில் படிந்த கரியையும் துடைத்துவிடுங்கள்.