கம்பேக் ஆல்பம்: மீள்வருகையா, மறுதுளிரா?

தமிழ்த்தினப் போட்டிக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்த அக்கா மகள் ஹட்டனிலிருந்து அழைத்தாள். "மாமா, கம்பேக் ஆல்பம்னா தமிழ்ல என்ன?" மீள்வருகைத் தொகுப்பு என்று உடனே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அது பாதி விடை என்று பட்டது.

முதலில் ஆல்பம். இலத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் பொது அறிவித்தல்களை எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்குப் பெயர் ஆல்பம். பின்னாளில் கையெழுத்து வாங்கும் ஏடும் படம் ஒட்டும் ஏடும் அந்தப் பெயரைப் பெற்றன. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். நீண்ட இசையென்றால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் பட ஏடு போலவே கட்டி விற்றதால் அதுவும் ஆல்பம் ஆனது. 1948 இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேர இசைத்தட்டைக் கொண்டுவந்த பிறகு ஒரே தட்டு போதும் என்றாகிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இலங்கையில் நாம் இறுவட்டு என்கிறோமே, அது சீடிக்கான சொல். பாட்டெல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்ட காலத்தில் அது பொருந்தாது. இசைத்தொகுப்பு நல்ல சொல். எனக்கு அதைவிடத் 'தொகை' பிடிக்கும். குறுந்தொகை, கலித்தொகை என்று பாடல்களைச் சேர்த்து வைத்ததற்கு நாமே இட்ட பெயர் அல்லவா?

கம்பேக் என்பது 'திரும்பி வா' என்ற ஆங்கில வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். சூடான பதிலடிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கொரிய பொப் இசையிலோ ஒரு குழு புதுப் பாட்டு வெளியிட்டாலே கம்பேக். விழுந்திருக்கவும் வேண்டாம், விலகியிருக்கவும் வேண்டாம். மருமகளுக்குத் தெரிந்திருந்ததும் அந்தப் பொருள்தான். ஆனால் அவள் எழுத நினைத்தது அடிபட்டு எழுந்தவர்களைப் பற்றி.

அதை விளக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா போனை வாங்கினார். "ஏன் தம்பி, கவாத்து வெட்டுன மலை திரும்பத் துளிர்க்குமே, அந்த மாதிரியா?"

அதேதான். தேயிலைச் செடி கைக்கு எட்டாமல் வளர்ந்து, விளைச்சலும் குறையும்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை நறுக்கிவிடுவார்கள், அதுதான் கவாத்து. வெட்டிய மலையைப் பார்த்தால் வயிறு பகீர் என்னும், வெறும் குச்சிகள்தான் நிற்கும். வேரில் சேர்ந்திருக்கும் மாச்சத்தை வைத்துச் செடி மறுபடி துளிர்விடும். வேரில் இருப்பு இல்லாத செடி அப்படியே பட்டுப்போகும்.

அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின் கதை அச்சாக இதுதான். ஏறக்குறைய 28 ஆண்டுகள் அவர் பாடிக்கொடுத்த கொலம்பியா நிறுவனம் 1986 இல் அவரைக் கைவிட்டது. 1994 இல், 62 வயதில், தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்' வெளியிட்டார். பக்கவாத்தியம் இல்லை, கோரஸ் இல்லை. பல பாடல்கள் ரூபினின் வீட்டுக்கூடத்திலேயே பதிவானவை. ஒரு குரல், ஒரு கிட்டார். இலையெல்லாம் வெட்டிய பிறகு நிற்கும் தண்டு அது. அந்தத் தொகைக்குக் கிராமி விருதும் கிடைத்தது. இதை வெறும் 'வருகை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறுதுளிர்த் தொகை என்பேன்.

எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைப் போட முடியாது. கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா 1999 இல் இளம் பாடகர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு ஒரு தொகையோடு வந்து, மறு ஆண்டு ஒரே இரவில் 8 கிராமி வாங்கினார். அவர் மெல்ல மங்கியிருந்தவர், வெட்டுப்பட்டவர் அல்லர். அதற்கு மீள்வருகை சரி. பொதுவான செய்தி நடைக்கு மீளெழுச்சியும் நன்றாகவே பொருந்தும்.

பாடகி டினா டர்னரை எங்கே வைப்பது என்று மருமகள் கேட்டாள். 1978 இல் மணமுறிவு, அடுத்தடுத்து விற்காத தொகைகள், கையில் ஒப்பந்தமும் இல்லை. 1984 இல் 44 வயதில் 'பிரைவேட் டான்சர்' தொகை. யோசிக்கவே இல்லை, மறுதுளிர் என்றேன்.