லோடு எடை, காலி எடை, ஒரு கற்குழம்புக் கோள்

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத் தேருக்குப் பெண்கள்தான் வடம் பிடிப்பார்கள். அன்றிரவு வானத்தில் நிலவு நிற்பது பூச நட்சத்திரத்தை ஒட்டி, அதாவது கடக ராசியில். அதற்குக் கொஞ்சம் வடக்கே இன்னொரு புள்ளி இருக்கிறது. தைப்பூச நிலவில் அது தெரியாது. அமாவாசையை ஒட்டிய ஒரு மாசி இரவில், ஓசூர் வெளிச்சம் எட்டாத அஞ்செட்டி மலைப்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால், நல்ல கண்ணுக்கு மட்டும் மங்கலாகத் தட்டுப்படும். அதுதான் 55 கேன்க்ரி. 41 ஒளியாண்டு தூரம். நம் சூரியனைவிடக் கொஞ்சம் சிறிய நட்சத்திரம்.

அதை ஒட்டிக்கொண்டு சுற்றும் கோளுக்கு 55 கேன்க்ரி இ என்று பெயர். கடகத்தில் புதுக் கிரகம் என்றதும் ஜோசியரிடம் ஓட வேண்டாம். எந்தப் பஞ்சாங்கத்திலும் இது கிடையாது.

பூமியைப் போல ஏறத்தாழ 8 மடங்கு நிறை, 1.9 மடங்கு குறுக்களவு. பூமியைவிடப் பெரியது, நெப்டியூனைவிடச் சிறியது. இந்த வகைக்கு 'சூப்பர் எர்த்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சூரியக் குடும்பத்தில் இப்படி ஒன்றுகூட இல்லை. இங்கே 50 கிலோ இருப்பவர் அங்கே 110 கிலோ கனப்பார். கனப்பதற்கு முன் வெந்துவிடுவார் என்பது வேறு விஷயம். நட்சத்திரத்திலிருந்து அது இருக்கும் தூரம் 23 லட்சம் கிலோமீட்டர்தான். பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே 15 கோடி கிலோமீட்டர் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் அந்தச் சூரியன், நாம் பார்க்கும் சூரியனைப் போல 60 மடங்கு அகலத்தில் வானத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நெருக்கத்தில் சுற்றுவதால் அதன் ஒரு வருடம் 17 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நமக்கு ஒரு பொங்கல் வருவதற்குள் அங்கே கிட்டத்தட்ட 500 வருடம் ஓடிவிடும். 2004இல் கண்டுபிடித்தபோது ஒரு சுற்றுக்கு 2.8 நாள் என்றுதான் நினைத்தார்கள். தப்பு எங்கே வந்தது என்பது சுவாரசியமானது. செக்கு மாட்டை மணிக்கு ஒரு தரம் மட்டும் எட்டிப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு தரமும் அது மூன்றில் ஒரு பங்கு வட்டம் தள்ளி நிற்கிறது. மாடு அவ்வளவுதான் நடந்ததா, இல்லை ஒரு முழுச் சுற்றும் போய்விட்டு மேலே மூன்றில் ஒரு பங்கும் நடந்ததா? சொல்ல முடியாது. தரையில் இருக்கும் தொலைநோக்கி இரவில் மட்டுமே பார்க்கும், அதாவது நாளுக்கு ஒரு தரம். கோள் நாளுக்கு ஒரு முழுச் சுற்றைக் கூடுதலாக அடித்தது கணக்கில் வரவே இல்லை. 2010இல் பழைய தரவுகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்துத்தான் இதைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே, கோள் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்கும்போது ஒளி பத்தாயிரத்தில் மூன்று பங்கு மங்குவதை விண்வெளித் தொலைநோக்கிகள் பார்த்தன. கோளின் அளவு தெரிந்தது அப்படித்தான்.

சரி, கண்ணுக்கே தெரியாத கோளின் சூட்டை எப்படி அளக்கிறார்கள்? மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் எடைமேடையில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா காய் லோடோடு வண்டி ஏறும், ஒரு எடை. இறக்கிவிட்டுத் திரும்பி ஏறும், இன்னொரு எடை. கழித்தால் காயின் எடை. காயைத் தனியாக யாரும் தராசில் போடுவதில்லை.

நட்சத்திரமும் கோளும் சேர்ந்த ஒளிதான் லோடு வண்டி. கோள் நட்சத்திரத்துக்குப் பின்னால் போய் மறையும் நேரம் காலி வண்டி. கழித்தால் வருவது கோளின் பகல் பக்கத்தின் ஒளி. கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியான அகச்சிவப்பில் அது எவ்வளவு பிரகாசம் என்பதை வைத்துச் சூட்டைக் கணக்கிடலாம். ஆனால் இந்த லோடு மொத்த ஒளியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பத்து டன் வண்டியில் ஒரு கிலோ, மூன்று நான்கு காய்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இப்படிக் கழித்துப் பார்த்த கணக்கு 2024இல் வெளிவந்தது. இந்தக் கோள் எப்போதும் ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டுகிறது, பிரகாரம் சுற்றுபவரின் வலத் தோள் எப்போதும் கருவறைப் பக்கமே இருப்பது போல. ஆகவே ஒரு பக்கம் ஓயாத உச்சிவெயில், மறுபக்கம் விடியாத இரவு. காற்றே இல்லாமல் உருகிய பாறை மட்டுமே கிடக்கும் வெறும் கற்குழம்பு என்றால் பகல் பக்கம் 2,200 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். வந்த கணக்கு 1,540 சொச்சம். மிச்சச் சூட்டை எதுவோ இரவுப் பக்கம் சுமந்து போகிறது. அது கார்பன் டை ஆக்சைடோ கார்பன் மோனாக்சைடோ நிறைந்த காற்றுமண்டலமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

1,540 டிகிரி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரக் குன்றுகளில் வெளிறிய பாறையைக் கிழித்துக்கொண்டு நீளமாக ஒரு கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். குவாரிக்காரர்களுக்கு அது கருப்பு கிரானைட். புவியியலில் டோலரைட். பூமிக்கடியிலிருந்து விரிசல் வழியே ஏறி, உள்ளேயே உறைந்துபோன குழம்பு அது. பாலிஷ் போட்ட துண்டைச் சாய்த்துப் பிடித்தால், உறையும்போது முளைத்த படிகங்கள் ஊசி ஊசியாக மினுங்கும். அதைத் திரும்ப உருக்க 1,200 டிகிரி சூடு போதும். நம் சமையல் மேடைக்கல் அங்கே போனால் குழம்பாகவே கிடக்கும்.

அந்தக் குழம்புதான் காற்றையும் கொடுக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் நட்சத்திரத்தின் வெக்கையில் பிறவிக் காற்று எப்போதோ பறிபோயிருக்கும். ஆனால் உருகிய பாறைக்குள் வாயு கரைந்திருக்கும், கோலி சோடாவில் இருப்பது போல. மேலே அழுத்தம் குறையக் குறைய அது வெளியே வரும். பறிபோனதை அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது.

நடுவில் 2012இல் இதை வைரக் கோள் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நட்சத்திரத்தில் ஆக்சிஜனைவிடக் கார்பன் அதிகம் என்ற கணக்கில் எழுந்த யோசனை அது. மறுபடி அளந்தபோது ஆக்சிஜன்தான் அதிகம் என்று வந்தது. எனக்கு வைரத்தைவிடக் குழம்பே பிடித்திருக்கிறது.

வெப் தொலைநோக்கி ஒரு தரம் அல்ல, பல தரம் இந்தக் கழித்தலைச் செய்தது. ஒவ்வொரு தரமும் விடை வேறு. சில நாள் லோடு நன்றாகத் தெரிகிறது, ஒரு நாள் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. அடிக்குழம்பு வாயுவைக் கக்கும் நாளில் மேகம் திரண்டு சூட்டை மறைக்கிறதா, பிறகு அது கல்மழையாகப் பெய்து வெளுக்கிறதா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.