கறுப்பு ஆலிவுக்குச் சாயம் போடுகிறார்களா?

பீட்சா மேல் வட்ட வட்டமாகக் கிடக்கும் கறுப்பு ஆலிவைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: எல்லாத் துண்டும் எப்படி ஒரே கறுப்பாக இருக்கிறது, சாயம் போடுகிறார்களா? சாயம் இல்லை. ஆனால் அது மரத்திலேயே கறுத்த பழமும் இல்லை. டப்பாவில் வரும் அந்த ஆலிவ் பெரும்பாலும் பச்சையாகவோ, நிறம் மாறத் தொடங்கும்போதோ பறித்து, ஆலையில் கறுப்பாக்கப்பட்டது. ஸ்பெயினில் இந்த வேலைக்கு முதலில் தேடும் ரகம் ஓஹிபிளாங்கா.

தெற்கு ஸ்பெயினின் அண்டலூசியாவில் கோர்டோபா, மாலகா, செவில்லா மாவட்டங்கள்தான் இதன் சொந்த ஊர். லுசேனா, எஸ்டெபா, அண்டெகெரா பக்கம் போனால் தோப்புத் தோப்பாக இதுதான். இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி வெளுத்திருக்கும், காற்றடித்தால் மரமே நிறம் மாறும். சுண்ணாம்பு மண்ணைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும். எண்ணெய்க்கும் ஊறுகாய்க்கும் இரண்டுக்குமே ஆகும் என்பதால் செப்டம்பர், அக்டோபரில் பச்சையாகப் பறித்து ஊறப்போடுவதா, இன்னும் சில வாரம் விட்டு செக்குக்கு அனுப்புவதா என்று விவசாயி விலையைப் பார்த்து முடிவெடுக்கலாம். குறைகளும் உண்டு: எண்ணெய்ச் சத்து கொஞ்சம் குறைவு, காம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் இயந்திரம் வைத்து உலுக்கினாலும் லேசில் உதிராது, ஒரு வருஷம் காய்த்துக் குலுங்கினால் அடுத்த வருஷம் ஏமாற்றும்.

சரி, கறுப்புக்கு வருவோம். அதற்கு முன்னால் கசப்பு. ஆலிவைப் பறித்தவுடன் கடித்தால் வாயில் வைக்க முடியாது, காரணம் ஒலியூரோபீன் என்ற மூலக்கூறு. இளம் காயில் உலர் எடையில் 14 சதவீதம் வரைகூட இருக்கும். இது மரத்தின் ஆயுதம். பூச்சி கடித்துத் திசு கிழிந்ததும், தனி அறையில் இருந்த ஒரு நொதி வந்து ஒலியூரோபீனிலிருந்து குளுக்கோஸைக் கழற்றிவிடும். மிச்சமிருப்பது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், அப்புறம் பூச்சிக்கு அந்தத் தீனியால் பிரயோஜனம் இல்லை.

ஆலையில் இந்தக் கசப்பை எடுக்க காஸ்டிக் சோடா என்ற காரம் (அல்கலி). சில சதவீதம் கரைத்த நீரில் காயைப் போட்டால், காரம் தோல் வழியாக உள்ளே இறங்கி ஒலியூரோபீனை இரண்டாக வெட்டும். துண்டுகளில் ஒன்று ஹைட்ராக்சிடைரோசால், கசப்பு போயே போச்சு. காரம் எவ்வளவு தூரம் இறங்கியது என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குக் கொள்ளை ஆசை. ஒரு காயை எடுத்துக் குறுக்கே வெட்டி, அதன் மேல் பினால்ப்தலீன் ஒரு சொட்டு, பள்ளிக்கூட ஆய்வகத்தில் டைட்ரேஷனுக்கு விட்டோமே அதேதான். காரம் தொட்ட இடமெல்லாம் பளிச்சென்று ரோஜா நிறம், தொடாத இடம் வெளிறியபடி. தோலிலிருந்து கொட்டையை நோக்கி நகரும் அந்த எல்லைக்கோட்டைக் கண்ணால் பார்த்தே வேலையை நிறுத்துகிறார்கள். பச்சை ஆலிவ் வேண்டுமென்றால் சதையில் முக்கால் பங்கு வரை, கறுப்பு என்றால் கொட்டை வரை.

அப்புறம் தொட்டிக்குள் காற்றை ஊதுகிறார்கள். நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போலத்தான், பாலிபீனால்கள் (ஒலியூரோபீன், ஹைட்ராக்சிடைரோசால் போன்ற தாவர வேதிப்பொருள்கள்) ஆக்ஸிஜனோடு சேர்ந்து கறுக்கின்றன. வாழைக்காயில் அதைச் செய்வது நொதி, இங்கே காரமே அந்த வேலையை வேகப்படுத்துகிறது. ஒலியூரோபீனிலிருந்து பிறந்த அதே ஹைட்ராக்சிடைரோசால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கறுப்பாகிறது, அதாவது கசப்பாக இருந்ததே நிறமாகிவிட்டது! இந்தக் கறுப்பு தானாக நிற்காது, நாளாக வெளிறும். அதனால் கடைசியில் ஃபெரஸ் குளுக்கோனேட் சேர்க்கிறார்கள், இரும்பு அந்தப் பாலிபீனால்களைப் பிடித்துக்கொண்டு நிறத்தை நிலைக்க வைக்கும். டப்பாவில் 579 என்ற எண் இருந்தால் இதுதான். காரத்தில் இவ்வளவு ஊறியும் குழையாத கெட்டிச் சதை இருப்பதால்தான் ஓஹிபிளாங்காவுக்கு இந்த மவுசு.

"ஆலிவில் பெயிண்ட்" என்று வாட்ஸப்பில் சுற்றும் வீடியோக்கள் என்னைக் கோபப்படுத்துகின்றன. பயப்படுத்துகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று நிஜமாகவே உண்டு: இந்த ஆலிவ் புளிக்க வைக்கப்படாததால் டப்பாவை அதிக வெப்பத்தில் கிருமி நீக்க வேண்டியிருக்கிறது, அப்போது அக்ரிலமைடு என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் உருவாகிறது. அதைக் குறைக்கத்தான் ஆராய்ச்சி நடக்கிறது. அதேபோல கோர்டோபாவில் உலக நாடுகளின் ஆலிவ் ரகங்களை உயிரோடு மரமாக வளர்த்துக் காக்கும் தொகுப்பு ஒன்று இருக்கிறது. வெர்ட்டிசிலியம் என்ற மண்ணுப் பூஞ்சை தாக்கினால் ஓஹிபிளாங்கா தாங்காது, எதிர்ப்புள்ள மரத்தை அப்படிப்பட்ட தோட்டத்தில்தான் தேட முடியும். உடனே லாபம் தராத இந்த மாதிரி வேலைக்குத்தான் அரசுகள் தயங்காமல் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

எண்ணெய்க்கு ஆட்டும்போது நடப்பது நேர் எதிர். காயை அரைப்பதே பூச்சி கடிப்பது மாதிரிதான்: நொதி வந்து குளுக்கோஸைக் கழற்ற, நீரில் கரைந்து கிடந்தது கொஞ்சம் எண்ணெயில் கரையும் வடிவத்துக்கு மாறி எண்ணெயோடு வருகிறது. ஊறுகாயில் விரட்டியடித்த கசப்பை இங்கே தரம் என்று மதிப்பெண் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். அதனோடு வரும் இன்னொரு பொருள் ஒலியோகாந்தால். தொண்டையில் மட்டும் சுருக்கென்று குத்தும், இருமல் வரும். அது இபுப்ரூஃபன் மாத்திரை போலவே அழற்சி நொதிகளைத் தடுக்கிறது என்று 2005இல் அமெரிக்க விஞ்ஞானி கேரி பியூசாம்ப் குழு காட்டியது. ஆகவே எக்ஸ்ட்ரா வர்ஜின் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து உறைகிறதா என்று சோதிப்பதை விடுங்கள், அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஒரு ஸ்பூன் அப்படியே குடித்துப் பாருங்கள். கசப்போ தொண்டைக் குத்தலோ துளியும் இல்லை, கூடவே பழைய எண்ணெய் வாடை அடித்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள்.