நனையாத கோரை சாகாது

சென்னையில் இருந்துகொண்டு பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை வழங்கிவரும் எனக்கு, சம்பா பருவத்தில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து நெல் விவசாயிகளிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி, களைக்கொல்லி தெளித்தும் கோரை சாகவில்லையே, அளவைக் கூட்டலாமா என்பதுதான். அப்படி அழைத்த ஒருவர், என்னை வயல் வரப்பில் நிறுத்தி, “மருந்து டூப்ளிகேட்டா சார்?” என்று கேட்டார். வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கோரையின் மேற்பகுதி கருகியிருந்தது. தண்ணீருக்குள் இருந்த பகுதி பச்சையாகவே இருந்தது. மருந்து போலி அன்று. தொட்ட இடத்தில் அது தன் வேலையைச் செய்துதான் இருந்தது.

அவர் தெளித்தது பென்டசோன். இலையின் ஒளிச்சேர்க்கையைத் தடுத்து, பட்ட பகுதியை மட்டும் சில நாட்களில் மஞ்சளாக்கிக் கருக்கும் தொடு களைக்கொல்லி இது; வேருக்கோ கிழங்குக்கோ இறங்கிச் செல்லாது. நெற்பயிரும் இதே மருந்தில் நனைகிறது என்றாலும், நெல் தன்னிடமுள்ள நொதியால் அதை மாற்றி, சர்க்கரையோடு பிணைத்துச் செயலிழக்கச் செய்துவிடுவதால் தப்பிக்கிறது. ஊசிக்கோரை, வட்டக்கோரை, கரிசலாங்கண்ணி போன்றவற்றால் அவ்வளவு விரைவாக மாற்ற முடிவதில்லை. குதிரைவாலி முதலான புல்வகைக் களைகளை இது கட்டுப்படுத்தாது என்பதைக் கடைக்காரர்கள் எல்லோரும் சொல்வதில்லை. வயலில் புல்தான் மிகுதி என்றால் இந்த மருந்துக்குச் செலவிடுவதே வீண்.

ஆகவே, தெளிப்பதற்கு முன்பே தண்ணீரை வடித்து, களையின் இலைகள் முழுவதும் வெளியே தெரியும்படி செய்துவிட்டு, களை சில இலைகளோடு இளசாக இருக்கும்போதே, லேபிளில் சொன்ன அளவு மருந்தைப் போதிய தண்ணீரில் கலந்து, வெயில் உள்ள நாளில் எல்லா இலையும் நனையுமாறு தெளிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மீண்டும் நீர் கட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தெளித்த சில மணி நேரத்திற்குள் மழை பெய்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும் என்பதால், நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்த பிறகே டேங்கில் மருந்தை ஊற்றுமாறு நான் வற்புறுத்துகிறேன். கிழங்கிலிருந்து முளைக்கும் கோரை மேலே கருகினாலும் மறுபடி துளிர்க்கும். அதைக் கையால் களையெடுக்கத்தான் வேண்டும்.

அளவைக் கூட்டினாலும் தண்ணீருக்குள் இருக்கும் இலை நனையப்போவதில்லை. பென்டசோன் மண்ணில் இறுகப் பற்றிக்கொள்ளாமல் நீரோடு இறங்கும் தன்மையுடையது. ஐரோப்பாவில் நிலத்தடி நீரில் இது கண்டறியப்பட்டிருக்கிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிக் கிணறுகளிலிருந்து சென்னைக்குக் குடிநீர் எடுக்கப்பட்டு வந்திருப்பதால், இரண்டு பங்கு மருந்து ஊற்றுவதை ஒருவருடைய வயலோடு முடிந்துவிடும் காரியமாக என்னால் பார்க்க முடியவில்லை. அந்த விவசாயியிடம் மறு மருந்து வாங்க வேண்டாம் என்றேன். கோரை முற்றிவிட்டதால் ஆள் வைத்துப் பிடுங்கினார். தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம், கழுவிய நீரை வாய்க்காலிலும் விட வேண்டாம் என்று அன்றே அவரிடம் கேட்டுக்கொண்டேன்.